கணக்குக்குத் தீட்டு தெரியாது: பறையின் ஒலியை நாமே நிரலாக எழுதுவோம்

கணினியில் இசையமைக்கும் மென்பொருள் ஒன்றைத் திறந்து, அதிலுள்ள வாத்தியப் பட்டியலைப் பாருங்கள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக 1991இல் வகுக்கப்பட்ட 'ஜெனரல் மிடி' என்ற பட்டியலில் 128 ஒலிகள் உண்டு. ஜப்பானின் கோட்டோ, ஷாமிசென், டைகோ மேளம் இருக்கின்றன. ஆப்பிரிக்கக் கலிம்பா இருக்கிறது. சிதாரும் ஷெனாயும் இருக்கின்றன. தாளக் கருவிகளுக்கான தனி வரிசையில் போங்கோவும் கோங்காவும் உண்டு. கடைசியாக ஹெலிகாப்டர் இரைச்சலுக்கும் கைத்தட்டலுக்கும் துப்பாக்கி வெடிக்கும்கூட ஆளுக்கொரு எண் கொடுத்திருக்கிறார்கள்.

பறைக்கு எண் இல்லை.

மிருதங்கமும் தபேலாவும்கூட அதில் இல்லைதானே என்று உடனே கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் குறையைச் சரிசெய்ய இங்கே ஆட்கள் இருந்தார்கள். மின்னணுச் சுருதிப் பெட்டி வந்தது, தபேலா அடிக்கும் பெட்டி வந்தது, மிருதங்கம் அடிக்கும் கைப்பேசிச் செயலிகள் வந்தன, அவற்றின் ஒலியைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. பறையைத் தேடினால் 'நாட்டுப்புறம்', 'குத்து' என்ற தலைப்புகளில், யார் அடித்தார்கள் என்ற பெயர்கூட இல்லாத ஒலித் துணுக்குகள்தான் கிடைக்கும்.

இதைப் பற்றிப் பேசினால் "தொழில்நுட்பத்திலும் சாதியைப் பார்க்கிறீர்களா?" என்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். எந்த ஒலியை அளந்து, ஆராய்ந்து, நிரலாக எழுதிவைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் இதுவரை யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? கணக்குக்குச் சாதி கிடையாது. கணக்குப் போட உட்காருபவருக்கு உண்டு.

ஒத்ததிர்வு என்றால் என்ன?

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். இது பொறியியல் கல்லூரியில் படித்தவர்களின் தனிச்சொத்து அல்ல.

ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் அது தன் வேகத்தில்தான் ஆடும். நீங்கள் மெல்லத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் ஒரு ஆட்டத்துக்கு அது எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு மெல்ல அடங்கும். தட்டினால் ஒலிக்கிற பொருள் எதுவாக இருந்தாலும் இதுதான் நடக்கிறது. தனக்கென்று உள்ள சில வேகங்களில் அது அதிர்ந்து அடங்குகிறது. ஒத்ததிர்வு வடிகட்டி, அதாவது ரெசனன்ட் ஃபில்டர் என்பது இந்த ஊஞ்சலைக் கணக்கில் கட்டுவதுதான்.

அந்தக் கணக்கு ஒரே வரி. கணினி ஒலியை ஒரு நொடிக்கு 44,100 எண்களாக வைத்துக்கொள்கிறது. இப்போது வர வேண்டிய எண்ணைக் கண்டுபிடிக்க, உள்ளே வரும் எண்ணை எடுத்துக்கொள். அதனுடன் முந்தைய விடையை ஒரு எண்ணால் பெருக்கிக் கூட்டு. அதற்கும் முந்தைய விடையை இன்னொரு எண்ணால் பெருக்கிக் கழி. அவ்வளவுதான். இரண்டு பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு கழித்தல். இந்தக் கணக்கின் வாசலில் 'டக்' என்று ஒரே ஒரு துடிப்பைப் போட்டால், மறுபுறம் ஒரு மணி ஒலிப்பதுபோல் ஒரு சுரம் எழுந்து அடங்கும்.

அது என்ன சுரம், எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்பதைத்தான் அந்த இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. அடங்கும் நேரத்துக்கான காரணியை 0.9995 என்று வைத்தால் ஒலி சுமார் 0.3 நொடியில் ஓயும். 0.999 என்றால் அதில் பாதி நேரம். 1 என்றால் ஓயவே ஓயாது. அதைத் தாண்டினால் ஒலி பெருகிக்கொண்டே போய் ஸ்பீக்கரைக் கிழித்துவிடும்.

ஒரு வடிகட்டி ஒரு சுரம் தரும். ஒரு மேளத்தில் பல அதிர்வுகள் ஒரே நேரத்தில் எழும். எனவே ஆறு, பத்து, இருபது வடிகட்டிகளை அருகருகே வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே 'டக்'கைக் கொடுத்து, வருவதையெல்லாம் கூட்டினால் ஒரு கருவியின் குரல் கிடைக்கும். பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர், சிசவுண்ட் என்று இதற்கான மென்பொருள்கள் எல்லாம் இலவசம். பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

எது இசை, எது இரைச்சல்?

இனி அரசியலுக்கு வருவோம்.

சீராக இழுத்துக் கட்டிய வட்டமான தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகளின் விகிதம் இயற்பியலில் எப்போதோ கணக்கிடப்பட்டது: 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92. அடி அதிர்வு 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அடுத்தடுத்து 319, 427, 459, 531, 583 என்று வரும். இவை முழு எண் மடங்குகள் அல்ல. வீணைத் தந்தியில் 1, 2, 3, 4 என்று வரும். அதனால்தான் தந்தியில் சுரம் தெளிவாகக் கேட்கிறது.

மிருதங்கத்தின் வலந்தலையில் 'சோறு' என்று சொல்லப்படும் கறுப்புப் பூச்சைப் பூசும்போது, அந்த எடை தோலின் அதிர்வுகளை முழு எண் மடங்குகளுக்கு அருகே இழுத்துவருகிறது. இதை ஆராய்ந்து எழுதியவர் சி.வி. ராமன். 1920இலும் பிறகு 1934இலும் மிருதங்கம், தபேலா பற்றிய அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. அந்த இயற்பியல் சரியானது, அழகானதும்கூட. அதில் நமக்குச் சண்டை இல்லை.

அந்த ஆய்வை எடுத்துக்கொண்டு 'நம் முன்னோர்களின் ஒலி அறிவு' என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறார்களே, அங்கேதான் நம் கேள்வி. யாருடைய முன்னோர்? அந்தச் சோற்றைப் பக்குவம் பார்த்துத் தேய்த்தது யார்? ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் தடவிப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்தது யார்? பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் பர்லாந்து. தஞ்சாவூரில் தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலை செய்துவந்த தலித் கிறித்தவக் குடும்பத்துக் கைவினைஞர். இப்படிப்பட்டவர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. மிருதங்கம் மேடையில் இருக்கலாம், அதைச் செய்தவரின் கதைக்கு அந்த அரங்கில் இடமில்லை.

பறைக்கு வருவோம். பறையில் சோறு இல்லை. எனவே அதன் அதிர்வுகள் முழு எண்ணில் நிற்பதில்லை. உடனே "பார்த்தீர்களா, அறிவியலே சொல்கிறது, அது இரைச்சல்" என்று முடித்துவிடுவார்கள். அப்படியானால் கோயில் மணியை என்ன செய்வது? வெண்கல மணியின் அதிர்வுகளும் முழு எண் மடங்கில் வருவதில்லை. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் மோதும் சிம்பலிலும் வருவதில்லை. அவற்றை யாரும் இரைச்சல் என்று தெருக்கோடிக்கு அனுப்பவில்லை. மணி ஒலித்தால் தெய்வீகம், பறை ஒலித்தால் சாவுச் சத்தம் என்ற பிரிவினை ஒலியில் இல்லை. அது கேட்கிற காதில் ஊரார் வைத்துத் தைத்த சாதி.

அந்தக் கருவியின் பெயரிலிருந்து ஒரு மக்களின் பெயரையும், அந்தப் பெயரிலிருந்து 'ஒதுக்கப்பட்டவன்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லையும் உண்டாக்கிய உலகம் இது. அதே பெயரை 1893இல் பத்திரிகையின் தலைப்பாக வைத்து, தலைநிமிர்ந்து அச்சிட்டவர் இரட்டைமலை சீனிவாசன். அந்த வேலை இன்னும் முடியவில்லை. இன்று அதைச் செய்ய வேண்டிய இடங்களில் கணினித் திரையும் ஒன்று.

காயாத பறை

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் மாணவர்களோடு இதைச் செய்து பார்த்தோம். முதலில் மேலே சொன்ன ஆறு விகிதங்களை ஆறு வடிகட்டிகளில் போட்டோம். ஏதோ ஒரு மேளம் கேட்டது, பறை கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக அடித்துவரும் ஒரு பெரியவரை அழைத்துவந்து கேட்கச் சொன்னோம். "தாத்தா, சரியா இருக்கா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவர் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இது காயாத பறைம்மா. ஈரமா இருக்கு. நெருப்புல காட்டணும்."

அவர் சொன்னது துல்லியமான இயற்பியல். வைக்கோல் தீயில் காட்டும்போது தோலின் ஈரம் போகிறது, இழுவிசை கூடுகிறது. இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும் என்பது பாடநூலில் உள்ள விதி. எனவே எல்லா வடிகட்டிகளையும் ஒரே நேரத்தில் மேலே தூக்கும் ஒரு திருகை நிரலில் வைத்தோம். மாணவர்கள் அதற்கு 'காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் திருகைக் கூட்டிக்கொண்டே போனபோது தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார்: "போதும்மா. இதுக்கு மேல போனா கிழிஞ்சிரும்."

அடுத்தது குச்சி. பறையை இரண்டு குச்சிகளால் அடிக்கிறோம். ஒன்று மெல்லிய நீளமான சிம்புக் குச்சி. மற்றது தடித்துக் குட்டையான அடிக்குச்சி. தோலின் சரியான மையத்தில் அடித்தால், மையத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக எழும் அதிர்வுகள் மட்டுமே கிளம்பும். நம் பட்டியலில் 1, 2.30 இரண்டும் அப்படிப்பட்டவை. விளிம்பை நோக்கிப் போகப்போக மற்றவையும் சேர்ந்துகொள்ளும். மெல்லிய குச்சியின் அடி மிகக் குறுகிய துடிப்பு. அது மேல் அதிர்வுகளை எழுப்பும். தடித்த குச்சியின் துடிப்பு சற்றே நீண்டது. அது கீழ் அதிர்வுகளுக்கு வலு கொடுக்கும். ஆக, தோல் ஒன்று, தட்டுகள் இரண்டு. நிரலிலும் அப்படித்தான். வடிகட்டிகளின் தொகுதி ஒன்று, அதற்குள் போகும் துடிப்புகள் இருவகை.

பாடநூல் எண்கள் தொடக்கத்துக்கு மட்டுமே. நிஜத் தோலின் தடிமன் எங்கும் ஒன்றாக இருக்காது. காற்றின் சுமையும் அதிர்வுகளை நகர்த்தும். ஒரு அடியைப் பதிவு செய்து, எந்தெந்த அதிர்வெண்ணில் மேடு தெரிகிறது என்று பார்த்து, எண்களைத் திருத்த வேண்டும். திருத்தியது சரியா என்று யார் சொல்வது? வரைபடம் பாதியைச் சொல்லும். மீதியைத் தாத்தாவின் காதுதான் சொல்லும்.

இதில் நாங்கள் கண்டது இதுதான். ஒத்ததிர்வு, இழுவிசை, துடிப்பின் அகலம் என்று கல்லூரியில் பெயர் சொல்லிப் படிக்கிற அத்தனையும் நம் சேரிகளில் பெயர் இல்லாமல் கையிலும் காதிலும் இருந்திருக்கிறது. எழுத்தும் கணக்கும் மறுக்கப்பட்டதால் அது 'அறிவு' என்ற பட்டியலில் ஏறவில்லை. ஏற்ற வேண்டியது படித்த தலைமுறையாகிய நம் வேலை.

ஆள் இல்லாத பறை வேண்டாம்

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் விட்டால் நாமே நம் குழியைத் தோண்டுவோம்.

கோயில்களில் மோட்டார் வைத்த இயந்திரம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பூசை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் முரசும் சேகண்டியும் மணியும் தானாக அடிக்கும். அடிக்க ஆள் வேண்டாம், கூலி வேண்டாம், அந்த ஆளை எங்கே நிற்க வைப்பது என்ற சங்கடமும் வேண்டாம். ஒலி மட்டும் போதும் என்று முடிவு செய்த சமூகம் இது. பறையின் ஒலியை நாம் கணினியில் ஏற்றிக் கொடுத்தால், இதே சமூகம் அதையும் இரு கைகளாலும் வாங்கிக்கொள்ளும். மாட்டுத் தோல் இல்லாத, வியர்வை இல்லாத, சேரி இல்லாத 'சுத்தமான' பறை! தீண்டாமைக்கு இதைவிட வசதியான கருவி வேறு என்ன வேண்டும்?

இது கற்பனை அச்சம் அல்ல. எங்களுக்குத் தெரிந்த ஒரு பறைக்குழுவை ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அழைத்தது. ஒருநாள் முழுக்கத் தனித்தனி அடிகளாக அடிக்கச் சொன்னார்கள். மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று, விளிம்பில் ஒன்று. மாலையில் ஒருநாள் கூலியும் சாப்பாடும் கொடுத்து அனுப்பினார்கள். ஒப்பந்தம் இல்லை, ஒரு தாளில் பெயர்கூட எழுதவில்லை. அதன்பிறகு அந்தக் குழுவுக்கு அங்கிருந்து அழைப்பே வரவில்லை. ஏன் வரும்? அடிகள் அத்தனையும் அவர்கள் கணினியில் இருக்கின்றனவே.

"அப்படியென்றால் கணினியைத் தொடவே வேண்டாம், பறை மரபு, அதை அப்படியே விட்டுவிடுங்கள்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். இதையும் ஏற்க முடியாது. நாம் தொடாவிட்டால் வேறொருவர் தொடுவார். ஏற்கெனவே தொட்டுவிட்டார். மேலும், நம்மை மரபுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது சாதியின் பழைய வேலை. அவர்கள் பிள்ளைகள் நிரல் எழுதுவார்கள், நம் பிள்ளைகள் பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டுமா?

"அடிமைச் சின்னம் அது, தூக்கி எறியுங்கள்" என்று சொல்லும் தோழர்களின் கோபம் வேறு வகை. அதை நாங்கள் மதிக்கிறோம். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து, அதற்காக அடியும் ஊர்விலக்கமும் பட்டவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். கட்டாயத்தின் பேரில் எவர் கையிலும் பறை இருக்கக் கூடாது. ஆனால் அடிமைத்தனம் இருந்தது கட்டாயத்தில்தான், தோலில் அல்ல. அதே பறையைப் பெண்கள் கையில் எடுத்து அரசியல் மேடைகளில் அடித்துக் காட்டிவிட்டார்கள். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருது ஒருவருக்கு. உரிமை எல்லோருக்கும் வேண்டும்.

கருவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்-808 என்ற தாளப் பெட்டியை வெளியிட்டது. அதன் பெரிய டிரம் ஒலி நாம் மேலே பார்த்த அதே தத்துவம்தான். ஒரு சின்ன மின்துடிப்பு ஓர் ஒத்ததிர்வுச் சுற்றைத் தட்டும். அது 50 ஹெர்ட்ஸ் அருகே முனகி அடங்கும். "நிஜ டிரம் மாதிரி இல்லை" என்று குறை சொன்னார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983இல் உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளுக்கு மலிவு விலையில் வந்த அந்தப் பெட்டிகளை அமெரிக்காவின் கறுப்பின இளைஞர்கள் வாங்கினார்கள். நியூயார்க்கின் ஹிப்ஹாப்பும் டெட்ராய்ட்டின் டெக்னோவும் அந்த ஒலியில் வளர்ந்தன. யாரும் தங்களுக்காகச் செய்யாத ஒரு கருவியை அவர்கள் தங்கள் குரலாக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் பாட்டுகளில் '808' ஒலிக்கிறது. ஆனால் அதே கறுப்பினக் கலைஞர்களின் பதிவுகளைப் பலர் காசு கொடுக்காமல் வெட்டி ஒட்டிக்கொண்டதும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

இனி செய்ய வேண்டியது

மாணவத் தோழர்களே, இது பெருமை பேசும் கட்டுரை அல்ல, வேலைக்கான அழைப்பு.

உங்கள் ஊரில் பறை, தப்பு, பம்பை, உறுமி என்று எது இருந்தாலும் அதன் ஓர் அடியைப் பதிவு செய்து, அதன் அதிர்வுகளை அளந்து, ஒரு வடிகட்டித் தொகுதியாக எழுதுங்கள். அடித்தவரின் பெயரையும் செய்தவரின் பெயரையும், அவர்கள் சம்மதித்தால், நிரலின் முதல் வரியில் போடுங்கள். சம்மதம் இல்லாமல் ஓர் அடியைக்கூட வெளியிடாதீர்கள். பணம் வந்தால் என்ன பங்கு என்பதைப் பதிவுக்கு முன்பே தாளில் எழுதுங்கள், பிறகு அல்ல. நிரல் சரியா என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் அடிப்பவரை உட்கார வையுங்கள். அவரைத் 'தகவல் தந்தவர்' என்று அடிக்குறிப்பில் தள்ளாதீர்கள், அவர் உங்கள் ஆசிரியர்.

ஆள் வர வேண்டிய மேடைக்கு நிரலை அனுப்பாதீர்கள். ஒரு நிகழ்ச்சிக்குப் பறை வேண்டுமென்றால் குழுவை அழைக்கட்டும், ஊதியம் கொடுக்கட்டும், எல்லோரும் உட்காரும் வரிசையில் நாற்காலி போடட்டும். நிரல் வேறு இடங்களுக்கு: கற்றுக்கொள்ள, ஆராய, நிஜத் தோலால் முடியாத புதிய ஒலிகளை உண்டாக்க. மழையில் நனையாத பறை, ஒரே அடியில் பத்து நொடி ஒலிக்கும் பறை, ஒரு வீடு அளவு பெரிய பறை. இவையெல்லாம் ஓர் எண்ணை மாற்றினால் கிடைப்பவை. நம் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டும் வேண்டும்.

இயற்பியல் வகுப்பில் ஒத்ததிர்வு பாடம் நடக்கும்போது இசைக்கவையையும் தந்தியையும் உதாரணம் காட்டுவார்கள். எழுந்து கேளுங்கள்: "ஐயா, பறை எப்படி ஒலிக்கிறது?" தெரியாது என்றால், உங்கள் நிரலைக் காட்டுங்கள்.

ஜெய் பீம்.